சட்டி அதேதான், எண்ணெய்தான் வேறு

1987இல் மொரிசியஸ் அரசு சமையலறைக்குள் கை வைத்தது. அப்போது பெரும்பாலான வீடுகளில் புழங்கிய மலிவு விலை எண்ணெயில் பாமாயில்தான் அதிகம். அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றினார்கள். கத்தோ பிமா (பருப்பு அரைத்துப் பொரிக்கும் மிளகாய் வடை) பொரிக்காதீர்கள், தால்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) சுடாதீர்கள் என்று யாரையும் தடுக்கவில்லை. 1992இல் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தபோது, மக்களின் சராசரி மொத்த கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 213இலிருந்து 182. அந்த ஐந்தாண்டுகளில் வேறு சுகாதாரப் பிரசாரங்களும் நடந்தன. ஆனாலும் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். வீட்டுச் சமையலை நேசிக்கும் எவருக்கும் இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்பேன்.

எப்படி இறங்கியது? பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. சோயாவில் அது 15 சதவீதம்தான். நிறைவுற்ற கொழுப்பமிலத்தின் சங்கிலி நேராக இருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். குளிரில் பாமாயில் உறைவது அதனால்தான். சோயாவில் இரட்டைப் பிணைப்பு (இரு கார்பன் அணுக்கள் இரண்டு பிணைப்புகளால் இணைவது) வரும் இடங்களில் சங்கிலி வளைகிறது, நெருங்க முடியாமல் திரவமாகவே நிற்கிறது. உடம்புக்குள் முக்கியமான இடம் கல்லீரல். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து மிதக்கும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகும், எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொழுப்பின் வகை மாறினால் ஏற்பிகள் மறுபடி சுறுசுறுப்பாகின்றன.

சரி, அப்படியானால் சோயா எண்ணெயை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமா? கூடாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். கொலஸ்ட்ரால் இறங்கிய அதே ஆண்டுகளில் தீவில் உடல் பருமன் கூடியது, சர்க்கரை நோயும் குறையவில்லை. ஆக, வகையோடு அளவையும் பார்க்க வேண்டும். அதற்குப் பொரிப்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் போதும்.

ஊறவைத்து அரைத்த கடலைப்பருப்பில் மிளகாயும் வெங்காயத்தாளும் சேர்த்து உருட்டி எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறதே, அது பருப்பிலுள்ள நீர் ஆவியாகி வெளியே பாய்வது. அந்தப் பாய்ச்சல் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே அதிகம் புக முடியாது. வெளியே எடுத்ததும் நிலைமை தலைகீழ். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிறது, அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உருண்டை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் எண்ணெயில் பெரும்பங்கு இப்படி, சட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் போகிறது! அதனால் எடுத்த கையோடு கரண்டியை நன்றாக உதறி, சூடாக இருக்கும்போதே தாளில் பரப்புங்கள். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சூட்டில் இருக்கட்டும். சூடு குறைந்தால் மேல்தோல் மெதுவாகத்தான் இறுகும், எண்ணெயில் அதிக நேரம் கிடக்க வேண்டிவரும். கத்தோ பிமாவை வைத்துச் சாப்பிடும் ரொட்டியில் வெண்ணெய் தடவாவிட்டால் ருசி ஒன்றும் குறையாது.

கேக் விஷயத்தில் எல்லா இடத்திலும் எண்ணெய் கைகொடுக்காது. வாழைப்பழ கேக்குக்கு எண்ணெய் அருமை, மறுநாளும் ஈரப்பதம் போகாது. ஜாம் வைத்து ஒட்டிய நாப்பொலித்தேன் பிஸ்கட்டுக்கு வெண்ணெய்தான் வேண்டும். கட்டியான கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் பூசிக்கொண்டு குளூட்டன் (கோதுமைப் புரதம்) இழைகள் நீளாமல் தடுப்பதால்தான் அது வாயில் பொடிந்து கரைகிறது. எண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் மாவு பிசுபிசுக்கும், அந்தப் பதமே வராது. என்னைக் கேட்டால், வெண்ணெய் போட்டே செய்து ஒன்றோடு நிறுத்திக்கொள்வது மேல்.

இன்னொன்று: சோயா எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் எளிதில் தாக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சிக்கு வாடை வரும், நிறம் கறுக்கும், நுரை அடங்காது. காவடி நாளில் ஏழு கறி விருந்துக்கு மூட்டிய பெரிய சட்டியில் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, சீக்கிரமே தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.