டயர் தரும் அவகாசம்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில், வடகடல் பக்கத்து ஜெட்டியில் (படகு அணையும் மேடையில்) பழைய லாரி டயர்கள் தொங்கும். தேய்ந்து நூல் தெரியும், பாதி பாசி பிடித்திருக்கும். விசைப்படகு வந்து அணையும்போது 'தொம்' என்று அடங்கிய சத்தம். டயர் அறுந்துபோன இடத்தில் இடித்தால் 'மடார்'. படகும் அதேதான், வேகமும் அதேதான்.

10 டன் படகு விநாடிக்கு அரை மீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்கிற ஆளைவிட மெது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் 5,000 கிலோகிராம் மீட்டர்/விநாடி, இதுதான் உந்தம். படகு நிற்க வேண்டுமென்றால் இந்த 5,000 முழுக்கத் தீர்ந்தாக வேண்டும். டயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் ஒரு பைசா குறையாது. எவ்வளவு நேரத்தில் தீர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிமென்ட்டில் நேராக இடித்தால், பலகை ஒரு விரல் அகலம் அமுங்குவதற்குள், 0.05 விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். 5,000ஐ 0.05ஆல் வகுத்தால் சராசரி விசை 1,00,000 நியூட்டன். ஏறக்குறைய 10 டன் பாரத்தை அந்த ஓரிடத்தில் இறக்கிய மாதிரி. டயர் அரைச் சாண் நசுங்கி அரை விநாடி எடுத்துக்கொண்டால் 10,000 நியூட்டன்தான்; 1 டன்.

விசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கி வருவது கணத்தாக்கு. அது உந்த மாற்றத்துக்குச் சமம். நியூட்டன் 1687இல் இரண்டாம் விதியைச் சொன்னதும் இந்த மாற்றத்தை வைத்துத்தான், முடுக்கத்தை வைத்து அல்ல. பள்ளியில் 'நிறை பெருக்கல் முடுக்கம்' என்று உருப்போட்டதைவிட இது எளிது என்பேன்.

அப்படியானால் காற்றடைத்த புது டயர் இன்னும் நல்லதா? இல்லை. வந்த வேகத்தில் பாதியோடு படகு துள்ளித் திரும்பினால் உந்த மாற்றம் 7,500 ஆகிவிடும். நிறுத்தவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். வாடைக் காற்று அடிக்கிற நாளில் துள்ளிய படகு பக்கத்துப் படகில் போய் முட்டும். காற்றில்லாத பழைய டயர், வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை ரப்பருக்குள்ளேயே வெப்பமாக்கிவிட்டு மெல்லத்தான் திருப்பித் தள்ளும்.

தீர்ந்த உந்தம் எங்கே போகிறது? ஜெட்டி வழியாகப் பூமிக்கு. அவ்வளவு பெரிய பூமியில் அசைவு தெரியாது. வல்லம் என்கிற சின்னப் படகில் தெரியும்: 60 கிலோ ஆள் விநாடிக்கு 2 மீட்டரில் கரைக்குத் தாவினால், 300 கிலோ வல்லம் 0.4 மீட்டரில் பின்னால் நழுவும். கயிறு கட்டுமுன் தாவுகிறவர் தொப்பென்று தண்ணீரில் விழுவது இதனால்தான்.

சிறுவயதில் ஒருநாள் விசைப்படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்துகொண்டு, நெருங்கி வந்த சுவரைக் காலால் தாங்கப் பார்த்தேன். "டேய், காலை எடுறா!" என்று கத்திக்கொண்டே சித்தப்பா கம்பை ஊன்றித் தள்ளினார். படகு விநாடிக்கு 10 சென்டிமீட்டரில் ஊர்ந்திருந்தால் உந்தம் 1,000. விடாமல் 4 விநாடி தள்ள 250 நியூட்டன் போதும், 25 கிலோ மூட்டையைத் தூக்குகிற பலம். ஒற்றை ஆளாகப் பத்து டன்னை நிறுத்திவிட்டார். சுவருக்கும் படகுக்கும் நடுவே விறைத்து நிற்கிற காலுக்கு அந்த 4 விநாடி கிடைக்காது. 0.1 விநாடிதான் என்றால், 10,000 நியூட்டன்.