எடைமேடை நல்லாத்தான் இருக்கு, போர்ட்தான் இல்லை

"மெஷினையே மாத்தணும்கிறாங்க தம்பி" என்றார் அரிசி ஆலைக்காரர். லாரியை நிறுத்தி எடைபோடும் மேடையில் ஒரு கோளாறும் இல்லை. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதில், எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரின் ஒன்பது பின் சீரியல் கேபிளைச் செருக இடமில்லை. அவ்வளவுதான்.

யாரோ ஒரு யுஎஸ்பி கேபிள் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் எடை வரும், மறுநாள் வராது. மேசையைத் துடைக்கும் பையன் அதைக் கழற்றி வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகிவிடுவான். விண்டோஸ் உடனே புதிய காம் எண், அதாவது சீரியல் போர்ட்டுக்கான அடையாள எண், போட்டுவிடும். எடை மென்பொருளுக்கோ காம்1 முதல் காம்4 வரைதான் தெரியும்.

சீரியல் போர்ட்டுக்கென்று தனிக் கார்டு வாங்கும் முன் சிபியுவைத் திறந்து பாருங்கள். பல மதர்போர்டுகளில் 'காம்' என்று அச்சிட்டு, இரண்டு வரிசையில் ஒன்பது பின் இருக்கும். பின்பக்கம் மாட்டும் சிறு கேபிள் போதும். ஆனால் அந்தக் கேபிளில் ஒயர் வரிசை இரண்டு விதம். மாறிப்போனால் விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் போர்ட் அழகாகத் தெரியும், எடை மட்டும் வராது. இதில் அரைநாளைத் தொலைத்தவன் நான்.

ஆலைக் கம்ப்யூட்டரில் அந்தப் பின்கள் இல்லை. மதர்போர்டில் கார்டு செருகும் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் சீரியல் கார்டைப் போட்டேன். ஒல்லியான கேபினட் என்பதால், கார்டைப் பின்பக்கம் பிடித்துவைக்கும் தகடு குட்டை பிராக்கெட். கார்டு காம்5 என்று வந்தது; டிவைஸ் மேனேஜரில், போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் காம்1 ஆக்கினேன். லாரி ஏறியதும் திரையில் எடை ஓடியது.

பழைய பிரிண்டர்களைச் செருகும் பேரலல் போர்ட் இவ்வளவு சாது இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம்கள் பல, அந்தப் போர்ட்டின் வழக்கமான முகவரியான 378-க்கே நேராக எழுதும். புதுக் கார்டுக்குப் பெரும்பாலும் வேறு முகவரிதான் கிடைக்கும். விண்டோஸ் அதை எல்பிடி1 (முதல் பேரலல் போர்ட்) என்று காட்டினாலும் புரோகிராம் ஆளில்லாத வீட்டுக் கதவைத்தான் தட்டும். யுஎஸ்பி பிரிண்டர் கேபிளோ பிரிண்டருக்கு மட்டும்தான். மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஓட்டாமலிருக்கப் பேரலல் போர்ட்டில் செருகும் லாக் அதில் வேலை செய்யாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது, அதற்குக் கார்டை நொந்து பயனில்லை.

கார்டு வாங்கும்போது பெட்டியின் பெயரை விட்டுவிட்டு, கறுப்புச் சிப்பின் மேலுள்ள எண்ணைப் பாருங்கள். டிரைவரை அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். பழைய டிரைவரை விண்டோஸ் 11 தடுத்தால், மெமரி இண்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் யூடியூப் வைத்தியம் வேண்டாம். சிப் தயாரிப்பாளரிடம் புது டிரைவர் இல்லையென்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.