கொட்டித் தீத்தா மனசு ஆறிடுமா?

"எல்லாத்தையும் கொட்டிடுங்க, மனசு லேசாயிடும்." கவுன்சலிங்குக்கு வர்றவங்கள்ல பாதி பேர் யாரோ இப்படிச் சொல்லிக் கேட்டுட்டுதான் வர்றாங்க. சேர்ல உக்காந்ததும் "எங்கேந்து ஆரம்பிக்கட்டும் மேடம்"னு கேக்கறப்பவே தெரியும், குடத்தக் கவுத்து ஊத்தற மாதிரி ஊத்திட்டு காலிக் குடத்தோட வீட்டுக்குப் போயிடலாம்னு ஒரு நெனப்பு. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் நம்பினேன். படிச்சு முடிச்சு வேலைக்கு வந்த புதுசுல ஒருத்தர்கிட்ட தலகாணியக் குடுத்து, உங்க அண்ணன் எதிர்ல இருக்கார்னு நெனச்சு அடிங்கன்னு சொன்னேன். அடிச்சார், நல்லாவே அடிச்சார், தையல் பிரிஞ்சு பஞ்சு வெளிய வந்துடுச்சு. அடுத்த வாரம் வந்தப்போ முன்ன விட ரெண்டு மடங்கு கோபத்துல இருந்தார், நடுவுல அண்ணனுக்கு போன் போட்டு சண்ட வேற போட்டிருக்கார். அது என் தப்பு, அவர் தப்பு இல்ல.

பிராட் புஷ்மேன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2002ல வெளியிட்ட ஆராய்ச்சிய அப்புறமாத்தான் ஒழுங்கா படிச்சேன். காலேஜ் பசங்க எழுதுன கட்டுரைய மோசமா விமர்சனம் பண்ணி வேணும்னே கோபப்படுத்தியிருக்காங்க, அப்புறம் ஒரு குரூப்ப அந்த விமர்சனம் பண்ணவன நெனச்சுக்கிட்டே பஞ்சிங் பேக்க குத்த விட்டிருக்காங்க, இன்னொரு குரூப் ரெண்டு நிமிஷம் எதுவும் பண்ணாம சும்மா உக்காந்திருந்தாங்க. கடைசில பாத்தா குத்துனவங்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தி, சும்மா இருந்தவங்களுக்குக் கம்மி. என் தலகாணி வைத்தியத்துல நடந்தது அப்படியே அதுதான்.

சரி, அப்போ உள்ளயே அடக்கி வெச்சுக்கலாமான்னு கேட்டா அதுவும் உதவாது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 1993ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அருவருப்பான ஒரு வீடியோவப் போட்டு, பாதி பேர்கிட்ட மட்டும் உங்களுக்கு என்ன தோணுதுன்னு மத்தவங்களுக்குத் தெரியாத மாதிரி முகத்த வெச்சுக்கோங்கன்னு சொன்னாங்க. முகம் கேட்டுக்கிச்சு, உடம்பு கேக்கல. தோல்ல வேர்வை மாதிரி சில டென்ஷன் அடையாளம் அடக்குனவங்களுக்குத்தான் கூடுச்சு. அதவிட முக்கியம், அடக்குனதால உள்ள இருந்த அருவருப்பு ஒரு பொட்டு கூட குறையல. "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்றவங்களோட தாடை இறுகி இருக்கறத தினமும் பாக்கறேன், பல் டாக்டர் சொல்லி என்கிட்ட வந்தவங்க கூட உண்டு, ராத்திரி தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிச்சு பல்லே தேஞ்சு போயிருக்கும்.

கொட்டுனாலும் போகல, மூடுனாலும் போகல. அப்போ என்னதான் வழி?

நம்ம பேச்சுலயே இதுக்கு ஒரு வார்த்த இருக்கு, நான் சைக்காலஜி படிச்சப்போ கூட கவனிக்கல. காயம் ஆறுது, கோபம் ஆறுது, கொதிச்ச தண்ணி ஆறுது, மனசு ஆறலன்னு எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதான், ஆறுதல்னு நாம சொல்றதும் அதுலேந்து வந்ததுதான். கொதிக்கற தண்ணிய ஆற வைக்கணும்னா கீழ கொட்டணும்னு அவசியம் இல்ல, மூடி போட்டு அழுத்திப் புடிச்சா கண்டிப்பா ஆறாது, அடுப்ப அணைச்சுட்டு மூடியத் திறந்து வெச்சா அதுவா ஆறும். அடுப்பு எதுன்னு கேட்டீங்கன்னா, நம்மள நாமளே திட்டிக்கற குரல். அத அணைக்கறதுக்குப் பேருதான் கருணை, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

ஒருத்தங்களப் பத்தி சொல்றேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு நாலஞ்சு பேர் கதைய கலந்து மாத்திதான் எழுதறேன். நாப்பது தாண்டுனவங்க, ஆபீஸ்ல நல்ல பொறுப்பு. ரெண்டு வரி ஈமெயில ஆறு தடவ திருத்துவாங்க, அனுப்புனதுக்கு அப்புறம் சென்ட் ஐட்டம்ஸ்ல போய் மறுபடி படிப்பாங்க, ஒரு எழுத்து தப்பா இருந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. "இது பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும் மேடம், புத்திக்குப் புரியுது, மனசுக்கு ஏற மாட்டேங்குது." மூணாவது செஷன்ல போற போக்குல ஒண்ணு சொன்னாங்க, அதுவும் சிரிச்சுக்கிட்டே. பத்து வயசுல வெளியூர்ல வேல பாத்த அப்பாவுக்கு லெட்டர் எழுதிருக்காங்க, எப்ப வருவீங்கன்னு. அந்த லெட்டரையே அப்பா செவப்பு இங்க்ல பிழை திருத்தி திருப்பி அனுப்பிட்டாராம், எப்ப வருவேன்னு ஒரு வரி இல்ல. "செம காமெடி இல்ல? இதெல்லாம் ஒரு விஷயமா, எத்தனையோ பேர் அடி வாங்கி வளந்திருக்காங்க."

இந்த "இதெல்லாம் ஒரு விஷயமா" இருக்கே, அத நான் ரொம்ப கவனமா கேப்பேன். பெரிய அடி பட்டவங்களுக்கு அடி பட்டுச்சுன்னாவது தெரியும், சின்னதா பட்டவங்களுக்கு வலிக்கறதுக்கே உரிமை இல்லைன்னு ஒரு கணக்கு. அடக்கறதுன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கறதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க, நான் பாத்த வரைக்கும் சிரிச்சுக்கிட்டே அடக்குனவங்கதான் அதிகம்.

"உங்க மேல தப்பில்ல, நீங்க சின்னப் பொண்ணு"ன்னு அவங்களே ஆயிரம் தடவ சொல்லிக்கிட்டதுதான். சத்தமா சொல்லுங்க, உள்ள எப்படிக் கேக்குமோ அதே டோன்லன்னு கேட்டேன். சொன்னாங்க. வார்த்தை எல்லாம் கரெக்டு, ஆனா டோன் இருக்கே, ஹெட்மாஸ்டர் மைக்குல திட்டற மாதிரி, "சின்னப் பொண்ணுதானே, அப்புறம் என்ன இன்னும்!" அவங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பால் கில்பர்ட்னு பிரிட்டன்ல ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கருணைய மையமா வெச்ச தெரபிய உருவாக்குனவர், அவரும் தன்னோட டிப்ரஷன் நோயாளிங்ககிட்ட இததான் கவனிச்சிருக்கார், நல்ல யோசனையக் கூட உள்ளுக்குள்ள கடுகடுன்னு சொல்லிக்கறாங்கன்னு. அவர் கணக்குல மனசுக்கு மூணு சிஸ்டம் இருக்கு, ஒண்ணு ஆபத்தப் பாத்து அலாரம் அடிக்கறது, ஒண்ணு ஓடி ஓடி சாதிக்க வைக்கறது, மூணாவது பத்திரமா இருக்கோம்னு நிம்மதி தர்றது. சின்ன வயசுல அந்த மூணாவதுக்கு போதுமான பழக்கமே கிடைக்கலன்னா, உள்ள எவ்வளவு நல்ல அட்வைஸ் வந்தாலும் அலாரம் நிக்காது. புத்திக்குப் புரிஞ்சும் மனசுக்கு ஏறாதது இதனாலதான்.

அதனால நான் அப்பாவப் பத்தி எதுவும் கேக்கல. அவர் ஏன் அப்படிப் பண்ணார், அவர் சூழ்நிலை என்ன, எல்லாம் அப்புறம். "அந்த கவரப் பிரிச்சுட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணா?"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் சொன்னாங்க, "மடிச்சு நோட்டு அட்டைக்குள்ள சொருகிட்டேன். அம்மா கேட்டதுக்கு அப்பாகிட்டேந்து இன்னும் பதில் வரலன்னு சொன்னேன்." சொல்லும்போதே வலது கை தானா இடது கை விரல மடிச்சு மூடிக்கிச்சு, எதையோ ஒளிக்கற மாதிரி. சிரிப்பு போயிடுச்சு.

அன்னிக்கு அழல. நாலு நாள் கழிச்சு துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போது காரணமே இல்லாம அழுக வந்து ஒரு மணி நேரம் நிக்கலன்னு மெசேஜ் பண்ணாங்க, அதுக்கடுத்த ரெண்டு அப்பாயின்ட்மென்ட்டையும் கேன்சல் பண்ணிட்டாங்க.

இத யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, அதான் எழுதறேன். கருணைன்னா உடனே இதமா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. கிறிஸ்டோபர் ஜெர்மர்ங்கற சைக்காலஜிஸ்ட் இதுக்கு தீயணைப்பு வீரர்கள்கிட்டேந்து ஒரு சொல்ல எடுத்துக்கிட்டார், பேக்ட்ராஃப்ட்னு. மூடுன ரூமுக்குள்ள காத்தில்லாம கனன்னுக்கிட்டு இருக்கற நெருப்பு, கதவத் திறந்த உடனே குப்புனு வெளிய பாயும்ல, அது மாதிரி. வருஷக்கணக்கா யாருமே அன்பா பேசாத எடத்துல ஒரு அன்பான வார்த்தை போய் விழுந்தா, அது இவ்வளவு நாள் கிடைக்காததும் சேர்ந்து ஞாபகம் வரும், வலிக்கும், சில பேருக்கு எரிச்சல் வரும், சில பேர் என்கிட்டயே கோபப்படுவாங்க. அது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனா கதவ ஒரேயடியா திறக்காம கொஞ்சம் கொஞ்சமா திறக்கணும்னு அர்த்தம்.

வீட்ல தனியா பண்ணலாமான்னு கேப்பீங்க. கொஞ்சம் பண்ணலாம். மனசுல எதாவது ஏறும்போது மொதல்ல அது உடம்புல எங்க இருக்குன்னு பாருங்க. தொண்டைய அடைக்குது, நெஞ்சு கனக்குது, வயிறு எரியுது, இதெல்லாம் சும்மா பேச்சுக்கு சொல்றதில்ல, நிஜமாவே அங்கதான் இருக்கும். அந்த எடத்துல கைய வெச்சுக்கோங்க, மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறது கொஞ்சம் நீளமா இருக்கட்டும், அதுக்கு ஒரு பேர் குடுங்க, ஒரே வார்த்தைல, அவமானம், ஏக்கம், பொறாமை, எதுவா இருந்தாலும். பேர் குடுத்தா போதும், ஆராய்ச்சி பண்ண வேணாம். அப்புறம் உங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஒருத்தர் இதே நெலமைல இருந்தா எந்தக் குரல்ல பேசுவீங்களோ அந்தக் குரல்ல ஒரு வரி சொல்லிக்கோங்க. கூச்சமா இருக்கும், பொய் மாதிரி இருக்கும், பரவால்ல.

எழுதறதும் சில பேருக்கு உதவும். ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கற சைக்காலஜிஸ்ட் 1986ல வெளியிட்ட ஆராய்ச்சில மாணவர்கள தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனச பாதிச்ச சம்பவத்த எழுத வெச்சார். நடந்ததையும் அதப் பத்தின உணர்ச்சியையும் சேர்த்து எழுதுனவங்களுக்கு எழுதுன உடனே மனசு இன்னும் மோசமாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசத்துல காலேஜ் ஹெல்த் சென்டருக்கு அவங்க போனது சாதாரண விஷயத்த எழுதுனவங்கள விட கம்மி. பின்னாடி வந்த நெறைய ஆராய்ச்சிய சேர்த்துப் பாத்தா பலன் இருக்கு, ஆனா சின்னதுதான், அதனால இத ஒரு மந்திரமா வித்தா நம்பாதீங்க. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, எழுதி முடிச்சதும் திரும்பப் படிச்சு திருத்தாதீங்க. (மேல சொன்ன, ஈமெயில ஆறு தடவ திருத்தறவங்ககிட்ட இதச் சொன்னப்போ மொறச்சாங்க.)

சுயபச்சாதாபம் வேற, தன் மேல காட்டற கருணை வேற. "எனக்கு மட்டும் ஏன் இப்படி"ன்னு சுத்தி சுத்தி வந்தா அது பச்சாதாபம். கிறிஸ்டின் நெஃப்ங்கற சைக்காலஜிஸ்ட் 2003ல தன் மேலயே காட்டற கருணைக்கு மூணு பகுதி சொன்னாங்க, தன்கிட்ட அன்பா இருக்கறது, வலிய மறைக்காம பெருசாக்காம உள்ளபடி பாக்கறது, அப்புறம் மனுஷங்களாப் பொறந்த எல்லாருக்கும் இப்படி வலிக்கும்ங்கற நெனப்பு. மூணாவது இல்லாம மத்த ரெண்டும் பச்சாதாபத்துல போய் முட்டிக்கும்.

இன்னொண்ணு, கருணைன்னா மன்னிப்புன்னு நெனச்சுக்கிட்டு வர்றாங்க, சொந்தக்காரங்களே "மன்னிச்சு விட்டுடு, நீதான் நிம்மதியா இருப்ப"ன்னு அனுப்பி வைக்கறாங்க. காயத்த சுத்தம் பண்ணாம மேல பிளாஸ்திரி ஒட்டற வேல அது. மொதல்ல காயம் பட்டவங்களுக்குத்தான் கருணை, பட வெச்சவருக்கு போகலாம், போகாமலும் இருக்கலாம். இப்பவும் அடிக்கற, கேவலப்படுத்தற ஒருத்தர்கூட இருக்கீங்கன்னா இன்னும் பொறுத்துக்க கருணைய கூப்பிடாதீங்க, உங்க மேல கருணை இருந்தா மொத வேல பாதுகாப்பான எடத்துக்குப் போறதுதான்.

பழைய சம்பவம் கண்ணு முன்னாடி இப்ப நடக்கற மாதிரி ஓடுது, உடம்பு மரத்துப் போகுது, செத்துடலாம்னு தோணுது, இதுல எது இருந்தாலும் மேல சொன்ன எதையும் தனியா உக்காந்து முயற்சி பண்ணாதீங்க, டாக்டரையோ பயிற்சி உள்ள தெரபிஸ்ட்டையோ பாருங்க. சாகணும்னு தோணுனா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்க வேணாம், உடனே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லி எமர்ஜென்சிக்குப் போங்க.

ரெண்டு அப்பாயின்ட்மென்ட் கேன்சல் பண்ணவங்க மூணாவதுக்கு வந்தாங்க. கைல பழைய நோட்டு ஒண்ணு, அட்டைக்குள்ள அந்த லெட்டர். தூக்கிப் போடலையாம், எங்க இருக்குன்னு தெரிஞ்சே இத்தன வருஷம் தொடாம வெச்சிருந்திருக்காங்க. மேஜைல விரிச்சு வெச்சு செவப்புக் கோட்ட ஒவ்வொண்ணா விரலால தொட்டு எண்ணுனாங்க, ஏழு. அஞ்சாவதுல விரல் நின்னுடுச்சு.

"மேடம், இது நான் சரியாத்தான் எழுதியிருக்கேன். அப்பாதான் தப்பா திருத்தியிருக்கார்."

சிரிச்சாங்க, அழுகையும் வந்துச்சு, ரெண்டும் ஒண்ணாவே. "அவருக்கும் எழுத்து சரியா வராது போல."

அப்பாவ மன்னிச்சிட்டீங்களான்னு கேட்டேன், கேட்டிருக்க வேணாமோன்னு இப்ப தோணுது.

"தெரியல மேடம்"னு மூக்கத் தொடச்சுக்கிட்டே சொன்னாங்க, "அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தப் பொண்ணுக்கு பதில் எழுதணும், எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டு உக்காந்திருக்கா."