மோட்டோகிராஸ் இன்ஜினில் சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

"சத்தம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் ஓடுது. ஸ்டார்ட் ஆகத்தான் கொஞ்சம் அடம் பிடிக்குது." ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் தளத்தில் ஓட்டும் பந்தய) வண்டியை சர்வீசுக்குக் கொண்டுவருபவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். சாலை வண்டி ஓட்டிப் பழகியவர்கள் டேப்பட் சத்தம் (வால்வ் பக்கமிருந்து வரும் டக்டக் ஓசை) கேட்டால்தான் பயப்படுவார்கள். இந்த இன்ஜின்களில் நிலைமை தலைகீழ். சிலிண்டருக்குக் காற்றுக் கதவாக இருக்கும் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கேமுக்கும் நடுவே உள்ளதுதான் வால்வ் இடைவெளி. அது கூடினால்தான் சத்தம் வரும். குறைந்தால் இன்ஜின் முன்பைவிட அமைதியாகிவிடும். மோட்டோகிராஸ் இன்ஜினில் அது பெரும்பாலும் குறையத்தான் செய்யும்.

காரணம் வால்வின் உலோகத்தில் இருக்கிறது. 1998 மாடலாக யமஹா ஒய்இசட்400எஃப் வந்த பிறகுதான் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் மோட்டோகிராஸ் களத்தைப் பிடித்தன. டூ ஸ்ட்ரோக்குக்கு ஈடுகொடுக்கச் சுற்று வேகத்தை ஏற்ற வேண்டியிருந்தது. 250 சிசி இன்ஜின்கள் நிமிடத்துக்கு 13,000 சுற்றைத் தாண்டுகின்றன. 13,500 சுற்றில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 110 தடவைக்கு மேல் திறந்து மூடும். அந்த வேகத்துக்கு எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் பல வண்டிகளில் டைட்டானியம் வால்வ் போடுகிறார்கள். லேசான, பலமான உலோகம். ஆனால் உரசலைத் தாங்காது. அதனால் மேலே மெல்லிய, கடினமான பூச்சு ஒன்று இருக்கும். பூச்சு இருக்கும்வரை இடைவெளி அவ்வளவாக மாறாது. அது தேய்ந்துவிட்டால் வால்வின் முகம் குழிந்து, வால்வ் தான் உட்காரும் வளையமான சீட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும், இடைவெளி குறையும். இடைவெளி பூஜ்யத்தைத் தொட்டதும் வால்வ் முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், ஸ்டார்ட் ஆகாது, தள்ளிவிட்டால் மட்டும் ஓடும். வால்விலிருந்து சீட்டுக்கு இறங்க வேண்டிய சூடு வால்விலேயே தங்கிவிடும். அதன் பிறகும் ஓட்டினால் ஒருநாள் வால்வ் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழும். பிஸ்டன், சிலிண்டர், ஹெட் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும்; சில சமயம் கனெக்டிங் ராடும் சேர்ந்து.

இடைவெளியைப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வரும்படி ஃப்ளைவீல் குறியைச் சேர்த்து வைத்து, கேமுக்கு அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். யமஹா ஒய்இசட்250எஃப்பின் பழைய மாடல்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால் இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கம் 0.10 முதல் 0.15 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்பதை அதன் மேனுவலில் பாருங்கள். தகடு லேசாக இழுபட்டுக்கொண்டு போனால் அதுதான் அளவு. அழுத்தித் திணித்தால் எந்தத் தகடும் போகும், கணக்குத்தான் தப்பாகும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். உள்ளே 1.80 மி.மீ. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வால்வின் மேல் வைக்கும் சின்ன வட்டத் தகடு) இருக்கிறது, அளந்தால் இடைவெளி 0.05 மட்டும். 1.75 ஷிம் போட்டால் 0.10 வரும், 1.70 போட்டால் 0.15. இரண்டுமே வரம்புக்குள்தான். நான் 1.70-ஐத்தான் போடுவேன், ஏனென்றால் இது இனியும் குறையப்போகிற இடைவெளி. கேமை எடுக்கும் முன், கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றிவிடுங்கள், கேம் செயின் போகும் பள்ளத்தில் சுத்தமான துணியை அடைத்துவையுங்கள். ஷிம் அதற்குள் விழுந்தால் அன்றைய நாள் அதோடு சரி. கேம் கேப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கவே முறுக்காதீர்கள், அவை அலுமினியத்தில் நிற்கும் சின்ன மரைகள். எல்லாம் பூட்டிய பிறகு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றாவது சுற்றி, குறிகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஒருமுறை ஷிம் மாற்றுவது சரி. சில மணி நேர ஓட்டத்திலேயே அதே வால்வ் மறுபடி இறுகினால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். ஷிம் மாற்றி மாற்றி ஓட்டாமல் வால்வை மாற்றுங்கள், சீட்டையும் வெட்டிச் சரிசெய்யுங்கள். டைட்டானியம் வால்வை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கவே கூடாது. இருக்கிற பூச்சும் அதோடு போய்விடும். ஸ்டீல் வால்வுக்கு மாறுவதென்றால் அதன் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் சேர்ந்து வர வேண்டும்.

பூச்சைத் தின்பது தூசி. இன்டேக் வால்வ் முதலில் போவதும் அதனால்தான். ஏர் ஃபில்டரைக் கழற்றியதும், அது உட்காரும் இடத்துக்கு உள்பக்கம், இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு நிறத்தில் ஏதாவது ஒட்டினால் இன்ஜின் மண்ணைக் குடித்திருக்கிறது. ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், ஒட்டிய இடங்கள் பிரிந்துவிடுவது இன்னொரு பக்கம். அதற்கான க்ளீனரில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, முழுக்கக் காயவைத்த பிறகு ஃபில்டர் ஆயிலில் எல்லா இடமும் ஒரே நிறம் வரும்வரை நனையுங்கள். ஓரத்தில் கிரீஸ் பூசி உட்காரவைத்துவிட்டு, கோணலாக இல்லையே என்று விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்பவர்களின் இன்ஜினை நான் அபூர்வமாகத்தான் இறக்கியிருக்கிறேன்.

ஆயில் விஷயம் சுருக்கமானது. பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், பல மாடல்களில் அதே ஆயில்தான் க்ளட்ச்சுக்கும் கியருக்கும். அதனால் சீக்கிரம் கெடும். ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் க்ளட்ச்சுக்கு ஏற்ற பைக் ஆயில் தரம்) தரத்தில் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். கார் ஆயிலில் க்ளட்ச் வழுக்கலாம். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது, வாட்டர் பம்ப் சீலை முதலில் பாருங்கள்.

இந்த வண்டிகளுக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஹவர் மீட்டர் ஒன்றை மாட்டி, எத்தனை மணி நேரத்தில் ஆயில், ஃபில்டர், வால்வ் அளவு, பிஸ்டன் என்று எழுதிவையுங்கள். பிஸ்டனும் ரிங்கும் பழுதானால் மாற்றுவதற்கல்ல, மேனுவல் சொல்லும் மணி நேரம் வந்ததும் மாற்றுவதற்கு. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பின் சஸ்பென்ஷனின் லிங்கேஜ் பேரிங், வீல் பேரிங் பக்கம் பிரஷரை நேராக அடிக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் வால்வ் கவரைத் திறந்து காட்டச் சொல்லி, இடைவெளியோடு ஷிம்களின் தடிமனையும் கேளுங்கள். இன்டேக் பக்கத்தில் ஒன்று மட்டும் பக்கத்து வால்வின் ஷிம்மைவிட மிக மெல்லியதாக இருந்தால், அந்த வால்வ் ஏற்கெனவே உள்ளே ஏறிவிட்டது. ஹெட் வேலையின் செலவையும் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.