ஸ்கிரிமேஜ் – சொல் விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தில் பெரும்பாலான ஆட்டத்துண்டுகள் (பந்து நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை ஒரு துண்டு) தொடங்கும் முறைக்கு ‘ஸ்கிரிமேஜ்’ என்று பெயர். பந்து தரையில் நிற்கும் இடத்தில், அதன் முனையைத் தொட்டுக் களத்தின் குறுக்கே ஓடுவதாகக் கொள்ளும் கற்பனைக் கோடுதான் ‘லைன் ஆஃப் ஸ்கிரிமேஜ்’. இரு அணிக்கும் தனித்தனிக் கோடு உண்டு. இடையில் இருப்பது பந்தின் நீளம், ஏறக்குறைய 28 செ.மீ. பந்தைப் பின்னால் கொடுக்கும் நடு ஆட்டக்காரர் தவிர யாரும் அந்த இடைவெளிக்குள் இருக்கக்கூடாது. பந்து நகரும்போது எதிரணியினர் உள்ளே நின்றால் 5 கெஜம் அபராதம். பந்தை முன்னோக்கி வீசுபவரும் இந்தக் கோட்டைத் தாண்டுமுன் வீசிவிட வேண்டும்.

‘ஸ்கர்மிஷ்’ என்ற சொல்லின் திரிபு இது. சிறு படைகள் மோதிக்கொள்வது என்று பொருள். வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. ரக்பியின் ‘ஸ்கிரம்’ இதே சொல்லின் குறுக்கம். அங்கே இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும். பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க ஆட்டத்தில் அந்தக் குழப்பத்தை நீக்கியவர் வால்டர் கேம்ப் (1859–1925). 1876 முதல் 1882 வரை யேல் கல்லூரிக்கு ஆடியவர், அணித்தலைவராகவும் இருந்தவர். 1880இல் கல்லூரிகளின் விதிக்கூட்டத்தில் அவர் முன்வைத்த மாற்றம் ஏற்கப்பட்டது: பந்து ஒரே அணியின் உரிமை; அந்த அணியின் ஆட்டக்காரர் அதைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளித் தொடங்குவார். அதை முதலில் வாங்குபவரே குவாட்டர்பேக். அணிக்கு 15 பேர் என்பது 11 ஆனதும் அதே ஆண்டில்தான். திட்டமிட்டு ஆடும் ஆட்டமாக இது மாறியது அங்கிருந்துதான் என்பது நம் உறுதியான கருத்து.

ஆனால் விதியில் ஓட்டை இருந்தது. பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று யாரும் வரம்பு சொல்லவில்லை. 1881இல் யேல், பிரின்ஸ்டன் கல்லூரி அணிகள் ஆளுக்கொரு பாதி பந்தை விடாமல் பிடித்துக்கொண்டு 0–0 என முடித்தன. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப் போனார்கள். 1882இல் கேம்ப் அதை அடைத்தார்: மூன்று வாய்ப்புகளுக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும், அல்லது 10 கெஜம் பின்வாங்க வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்கு. 5 கெஜத்தை அளக்கவே களத்தில் கோடுகள் போட்டார்கள். 10 கெஜம் முன்னேற வேண்டும் என்பது 1906இலும், நான்கு வாய்ப்பு என்பது 1912இலும் வந்தன. விதி வகுத்ததோடு அவர் நிற்கவில்லை. பத்திரிகைகளில் இடைவிடாது எழுதி, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியல்களை வெளியிட்டு, ஆட்டத்தை ஊரறியச் செய்தார்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கைகலப்பு’ என்ற அகராதிப் பொருள் இங்கே தவறு. விதிப்படி நடப்பது சண்டையல்ல. ரக்பியின் ஸ்கிரம்முக்குத் ‘தள்ளுமுள்ளு’ கச்சிதம். அமெரிக்க ஆட்டத்தின் கோட்டுக்கு ‘முனைக்கோடு’ என்பதே நம் பரிந்துரை. பந்தின் முனையும் அதில் இருக்கிறது. சங்கப் பாடல்கள் போர்முனையைச் சொல்லும் ‘முனை’யும் இருக்கிறது. அங்கே தொடங்கும் ஆட்டத்துண்டை ‘முனையாட்டம்’ எனலாம். ஓர் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்ப்பதையும் ஸ்கிரிமேஜ் என்பார்கள். அந்த இடத்தில் ‘பயிற்சி ஆட்டம்’ என்று எழுதினால் போதும்.