சிமுலேட்டர் வாங்கும் முன் அதன் பனிமூட்டத்தைப் பாருங்கள்

2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, மலையகச் சாரதிகளுக்குச் சிமுலேட்டரில் (திரையில் பாதையைக் காட்டி ஓட்டப் பழக்கும் கருவியில்) பயிற்சி கொடுக்க முடியாதா என்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். கொடுக்கவும் வேண்டும். ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கருவி பனிமூட்டத்தை எப்படிக் காட்டுகிறது?

நான் இராணுவ விமான, கவச வாகனச் சிமுலேட்டர்களில் கணினிப் படவாக்கப் பிரிவில் சிஸ்டம்ஸ் பொறியியலாளராக வேலை செய்தவன். படம் வரைவது என் வேலையாக இருக்கவில்லை. வாகனத்தின் அசைவைக் கணக்கிடும் கணினி, காட்சியை உருவாக்கும் இமேஜ் ஜெனரேட்டர், புரொஜெக்டர், ஆசனத்தை ஆட்டும் மேடை, ஒலி என எல்லாமே ஒரே நொடியில் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு. அந்த வேலையில் எனக்கு உறுதியான விடயம் இது: பயிற்சி பெறுபவரின் கண்ணும் கையும் திரை காட்டுவதை அப்படியே பழகிக்கொள்ளும். காட்டுவது பிழையானால் பிழையும் பழக்கமாகிவிடும்.

பனிமூட்டத்துக்கு வருவோம். 1998இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, பனி அடர்த்தியானால் சாரதிகள் தம் வேகத்தைக் குறைவாக உணர்ந்து இன்னும் வேகமாக ஓட்டுகிறார்கள் என்றது. சிமுலேட்டரில் செய்த ஆய்வு அது. உலகம் முழுக்க அதை எடுத்துச் சொன்னார்கள். 2012இல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் அதை மறுபடி சோதித்தார்கள். திரை முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கியபோது பழைய முடிவே வந்தது. தூரம் கூடக் கூட மங்கல் கூடும்படி, அதாவது உண்மையான பனி போலக் காட்டியபோது முடிவு தலைகீழானது. ஓட்டியவர்கள் தம் வேகத்தை அதிகமாக உணர்ந்து மெதுவாகச் சென்றார்கள்.

காரணம் எளிது. உண்மையான பனியில் தூரத்து மலையும் வளைவும்தான் மறையும். சக்கரத்துக்கு அருகில் உள்ள தரையும் ஓரத்து மண்மேடும் தெளிவாகவே ஓடும். கண்ணுக்கு வேகமாக ஓடுவதும் அந்த அருகிலுள்ள பகுதிதான். "ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடிச்சிக்கிட்டுத்தான் போறோம் தம்பி, முன்னுக்கு ஒன்னும் தெரியாது" என்று இறம்பொடைப் பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆய்வுகூடம் கண்டதும் அவர் சொன்னதும் ஒன்றுதான்.

மலிவான மென்பொருள்கள் சிலவற்றில் திரைக்கு மேல் சாம்பல் நிறத்தை ஒரே சீராகப் பூசிவிடுகிறார்கள். கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். சிமுலேட்டரில் வாகனத்தை நிறுத்துங்கள். பனியைக் கூட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் கிலோமீற்றர் கல்லையும் தூரத்தில் நிற்கும் மின்கம்பத்தையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வெளிறினால் அந்தக் கருவி மலைப்பாதைக்கு உதவாது.

சரியாகச் செய்த பனியில்தான் உண்மையான பாடத்தைப் பழக்க முடியும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வாகனம், சாரதி சுதாரித்து பிரேக் மிதிக்க ஒன்றரைச் செக்கன் எடுத்தால், அதற்குள்ளேயே ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். ஈரப் பாதையில் நிற்க இன்னும் 12 மீற்றராவது வேண்டும். இது சமதரைக் கணக்கு, இறக்கத்தில் இன்னும் கூடும். கண்ணுக்குத் தெரிவது 20 மீற்றர் என்றால், மெதுவாகப் போகிறேன் என்று நினைக்கும் சாரதியும் வேகமாகத்தான் போகிறார்.

அடுத்தது தாமதம், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் திரையில் காட்சி மாறுவதற்கும் இடையில் போகும் நேரம். திரையின் மூலையில் ஒரு ஒளியுணரியை ஒட்டி, ஸ்டியரிங் சமிக்ஞையைச் சட்டென்று மாற்றி, இரண்டையும் மின் சமிக்ஞையைக் கோடாக வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்பில் பார்ப்போம். இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் தாமதம். செக்கனுக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செக்கன். இடையிலுள்ள ஐந்தாறு கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு படத்தை விழுங்கினாலே நூறு மில்லி செக்கனை நெருங்கிவிடும். உயர்தர விமானச் சிமுலேட்டர்களுக்கு 150 மில்லி செக்கன்தான் நெடுங்காலம் எல்லையாக இருந்தது. அதைத் தாண்டினால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் தேவைக்கு மேல் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பழகுவார், சிலருக்குத் தலைசுற்றி வாந்தியும் வரும்.

சிமுலேட்டர் தன் மலைகளை வரையப் பயன்படுத்தும் நிலத்தின் உயரத் தரவையும் அப்படியே சோதிக்க வேண்டும். மலையின் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1974 டிசம்பர் 4 இரவு, கட்டுநாயக்கவில் இறங்கத் தாழ்ந்து வந்த டச்சு விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னிமார் மலையில் மோதி, ஹஜ் யாத்திரிகர்களும் ஊழியர்களுமாக 191 பேர் இறந்தார்கள். விமான நிலையம் அருகில் வந்துவிட்டது என்று விமானிகள் நம்பியிருந்தார்கள். இன்று விமானிக்கு நில எச்சரிக்கை தரும் கருவியிலும் சிமுலேட்டரிலும் உயரத் தரவுத்தளம் இருக்கிறது. 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் ரேடாரில் அளந்த தரவு பலருக்கும் கிடைக்கிறது. ஆனால் அதில் கூரிய முகடுகள் உண்மையை விடத் தாழ்ந்து பதிவாகும், செங்குத்துச் சரிவுகளில் வெற்றிடமும் விழும். நம் மலைகளுக்கு அதை அப்படியே நம்பக் கூடாது. நிலஅளவைத் தரவோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறைக்குள் வரலாம். திசையன்கள், அணிகள், ஒளியியல், சி பிளஸ் பிளஸ் இருந்தால் தொடங்கலாம். கணினிப் படவாக்க முன்னோடிகளான டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லண்டும் 1968இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் தம் படவாக்க நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே இத்துறையைப் பெரும்பாலும் வளர்த்தது இராணுவப் பணம்தான் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். போரைப் பார்த்த நாட்டுப் பிள்ளைகள் நாம். எந்தப் பயிற்சிக்கு உழைக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்பது நம் உரிமை. விமானப் பாதுகாப்பு, மருத்துவம், சாரதிப் பயிற்சி என வேறு வழிகளும் இப்போது திறந்திருக்கின்றன.

சாரதிப் பயிற்சி நிலையங்களுக்கு இன்னொன்று. நல்ல சிமுலேட்டராலும் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும்போது காலில் தெரியும் அந்த மாற்றத்தையும், முழுப் பாரமும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதையும் சரியாகத் தர முடியாது. கியரைக் குறைத்து இறங்குவதை வெற்று பஸ்ஸில், பிறகு மணல் மூட்டை ஏற்றிய பஸ்ஸில், மூத்த சாரதி ஒருவர் பக்கத்தில் இருக்க, உண்மையான இறக்கத்தில்தான் பழக்க வேண்டும். சிமுலேட்டருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த மூத்த சாரதியின் சம்பளத்துக்கு எடுத்து வையுங்கள்.