கிரூனர் வெல்ட்லீனர்: ஒரு திராட்சைப் பெயரின் பூர்வீகம்

கிரூனர் வெல்ட்லீனர் ஆஸ்திரியாவின் வெள்ளை ஒயின் திராட்சை. அந்த நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் இந்த ஒரு ரகம்தான் நிற்கிறது. வியன்னாவைச் சுற்றி ஹொய்ரிகர் என்ற கடைகள் உண்டு. தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த ஒயினை அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள். 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு கொடுத்த அனுமதியில் தொடங்கிய வழக்கம் அது. அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து, ரகம் எதுவும் சொல்லாமல் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் கேட்டால் பெரும்பாலும் இதுதான் வரும்.

பெயரில் இரண்டு சொற்கள். முதல் சொல் உண்மை சொல்கிறது. இரண்டாவது சொல் தப்பான முகவரி கொடுக்கிறது.

முதலில் உச்சரிப்பைப் பார்த்துவிடலாம். ‘கிரூனர்’ என்பதில் வரும் ‘ரூ’ நம்முடைய ஊகாரம் இல்லை. உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்று சொன்னால் வரும் ஒலி அது. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, ‘ரூ’வோடு சமாதானம் ஆக வேண்டியதுதான். அடுத்த சொல்லை ஆங்கிலப் பழக்கத்தில் ‘வெல்ட்லைனர்’ என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். அது தவறு, ஜெர்மனில் அந்த இடத்தில் ‘லீ’ என்றே ஒலிக்கும். முதல் எழுத்தை ‘வ’ என்றும் சொல்கிறார்கள், ‘ஃப’ என்றும் சொல்கிறார்கள். எழுதும்போது ‘வ’ போதும்.

‘கிரூன்’ என்றால் பச்சை. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘அர்’, பின்னால் வரும் பெயருக்கு ஏற்ப ஜெர்மன் இலக்கணம் சேர்க்கும் விகுதி. இந்தத் திராட்சை முற்றிப் பழுத்த பிறகும் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்திலேயே இருக்கும். ‘ரோட்டர் வெல்ட்லீனர்’, அதாவது சிவப்பு வெல்ட்லீனர் என்று இன்னொரு ரகம் இருக்கிறது. அதன் பழம் வெயில் படும் பக்கம் சிவந்துவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் ‘பச்சை’ வந்தது. ஆக, முதல் சொல்லில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது சொல்லில் இருக்கும் ‘அர்’ வேறு வேலை செய்கிறது. ஊர்ப் பெயரோடு சேர்ந்து, அந்த ஊரைச் சேர்ந்த ஆளையோ பொருளையோ குறிக்கும் விகுதி அது. பெர்லின்காரர் பெர்லீனர். வியன்னாவின் ஜெர்மன் பெயர் வீன், அங்கத்துக்காரர் வீனர். நாம் மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்பது போலத்தான். அப்படியானால் வெல்ட்லீனர் என்பவர் வெல்ட்லீன்காரர். வெல்ட்லீன் எங்கே இருக்கிறது? ஆஸ்திரியாவில் இல்லை. வடக்கு இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, அத்தா ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. இத்தாலியில் அதை வால்டெலினா என்பார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் பெயர்போனதுதான். ஆனால் அங்கே செய்வது சிவப்பு ஒயின், நெபியோலோ திராட்சையில். உள்ளூரில் அந்தத் திராட்சைக்கு கியாவெனாஸ்கா என்று பெயர். பச்சை வெல்ட்லீனருக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் மரபணு வழியில் எந்த உறவும் தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1512 முதல் 1797 வரை வால்டெலினா இன்றைய சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் பகுதிக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. அதனால் அந்தப் பக்கத்தில் ‘வெல்ட்லீனர்’ என்றால் பள்ளத்தாக்கிலிருந்து வரும் சிவப்பு ஒயின். ஆஸ்திரியாவிலோ அதே சொல்லுக்கு வெள்ளை ஒயின் வரும்.

இந்தப் பெயர் அவ்வளவு பழையதும் இல்லை. ‘கிரூனர் வெல்ட்லீனர்’ என்று எழுத்தில் முதலில் பதிவானது 1855இல். அதற்கு முன்பு ‘வைஸ்கிப்ஃப்லர்’ என்றே பரவலாகச் சொல்லிவந்தார்கள். வைஸ் என்றால் வெள்ளை, கிப்ஃபெல் என்றால் உச்சி. இளந்தளிரின் நுனியில் வெள்ளையாகப் பஞ்சு படிந்தாற்போல் ரோமம் இருக்கும். கொடியைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் வைத்த பெயர் அது, ‘வெண்ணுனியன்’ என்பது போல. என்னைக் கேட்டால் பழைய பெயரே மேல். ஆனால் பெயர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு நிலைப்பதில்லை.

சரி, இத்தாலியில் இல்லை என்றால் உண்மையான பூர்வீகம் எது? ஒரு பெற்றோர் டிரமீனர் என்ற பழைய ரகம் என்பது 1990களின் இறுதியில் மரபணுச் சோதனையில் தெரிந்தது. டிரமீனர் என்பதும் ஊர்ப் பெயர்தான், தெற்குத் தீரோலில் இருக்கும் டிரமீன் கிராமம். ஊர்ப் பெயரைச் சூடிக்கொள்ளும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் பரம்பரையாகவே இருக்கிறது போலும்.

இன்னொரு பெற்றோர்தான் கதையில் சுவாரசியமான பாத்திரம். ஆஸ்திரியாவின் கிழக்கே புர்கன்லாந்து மாநிலத்தில், ஐசன்ஸ்டாட் நகரை ஒட்டி சங்க்ட் கெயோர்கன் என்று ஒரு சிற்றூர். அங்கே கவனிப்பாரற்ற ஓர் இடத்தில் 2000ஆம் ஆண்டில் ஒரு கிழட்டுக் கொடியைக் கண்டுபிடித்தார்கள். உலகில் வேறெங்கும் அந்த ரகம் காணக் கிடைக்கவில்லை. பெயர் கூட இல்லாததால் ஊரின் பெயரையே வைத்து ‘சங்க்ட் கெயோர்கன் கொடி’ என்றார்கள். குளோஸ்டர்நொய்பூர்க் ஒயின் கல்லூரியில் ஃபெர்டினாண்ட் ரெக்னர் செய்த ஆய்வில் அதுவே வெல்ட்லீனரின் மற்றொரு பெற்றோர் என்று உறுதியானது. கொடிக்கு இயற்கைச் சின்னம் என்ற பாதுகாப்பு உண்டு. 2011இல் யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டிப்போட்டார். கொடி விடவில்லை, மறுபடி துளிர்த்துக்கொண்டது.

அந்த ரோட்டர் வெல்ட்லீனர்? அது இந்தப் பச்சை வெல்ட்லீனருக்குத் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் உறவினர் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் வரை இது பத்தோடு பதினொன்றான ரகம். 1950களில் கிரெம்ஸ் நகருக்குப் பக்கத்து ரோரன்டார்ஃபைச் சேர்ந்த லென்ஸ் மோசர் என்பவர் கொடிகளை உயரமாக ஏற்றி, வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் போகும் அளவு இடம் விடும் முறையைப் பரப்பினார். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பது போன்ற பந்தல் இல்லை, கம்பி வரிசைதான். இந்த முறை வெல்ட்லீனருக்கு நன்றாக ஒத்துப்போனது, தோட்டங்கள் பெருகின. 1985இல் சில வியாபாரிகள் ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருளைக் கலந்தது வெளியே வந்து, ஆஸ்திரிய ஒயினின் மானமே போனது. அதே ஆண்டு கடுமையான ஒயின் சட்டம் வந்தது. 2002இல் லண்டனில் பாட்டிலின் பெயரை மறைத்து ருசிபார்க்கும் ஒரு போட்டியில் பிரான்சின் பர்கண்டி வெள்ளை ஒயின்களை ஆஸ்திரிய வெல்ட்லீனர்கள் முந்தின. அப்புறம்தான் வெளிநாட்டு உணவகங்கள் இதைத் தேடி வாங்க ஆரம்பித்தன.

இப்போது பாட்டிலில் ஒட்டிய சீட்டில் இருக்கும் மற்ற சொற்கள். ‘வைன்ஃபியர்ட்டல்’ என்பது அடிக்கடி கண்ணில் படும். ஃபியர்ட்டல் என்றால் கால் பங்கு. கீழ் ஆஸ்திரியா மாநிலத்தை வழக்கில் நான்கு கால்களாகப் பிரிப்பார்கள்: காட்டுக் கால், பழரசக் கால், தொழிற்சாலைக் கால், ஒயின் கால். கடையில் ‘ஒரு ஃபியர்ட்டல்’ என்று கேட்டாலும் கால் லிட்டர்தான் வரும். நாட்டில் டி.ஏ.சி. என்ற வட்டார முத்திரையை முதலில் பெற்ற பகுதி இந்த ஒயின் கால், 2002ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து. அந்த முத்திரையின் சாதாரண வகை வேண்டுமானால் ஒயின் வெல்ட்லீனராக இருக்க வேண்டும், மரப்பீப்பாய் வாசம் தெரியக் கூடாது, மிளகு வாசம் இருக்க வேண்டும்.

ஆமாம், மிளகு. இந்த ஒயினை முகர்ந்தவர்கள் பச்சை ஆப்பிள், எலுமிச்சை, முள்ளங்கி என்று பலவும் சொல்வார்கள். ஆனால் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது வெண்மிளகு. ஆஸ்திரியப் பேச்சு வழக்கில் அதை ‘ஃபெஃபர்ல்’ என்பார்கள், ‘குட்டி மிளகு’ என்று செல்லமாக. வெறும் கற்பனை இல்லை இது. ரோட்டண்டோன் என்ற ஒரு வேதிப்பொருள்தான் மிளகின் மிளகு வாசத்துக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சியாளர்கள் 2008இல் காட்டினார்கள். அவர்கள் தேடியது ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில். அதே பொருள் வெல்ட்லீனரிலும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு, அதைவிடப் பல நூறு மடங்கு கலந்தாலும் அந்த வாசம் தெரியாது. ஒரே மேசையில் ஒருவர் மிளகு மிளகு என்று மாய்ந்துபோவதும், அடுத்தவர் ஒன்றும் புரியாமல் விழிப்பதும் இதனால்தான்.

ரோட்டண்டோன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சைப்பரஸ் ரொட்டண்டஸ் என்ற செடியின் கிழங்கில் முதலில் கண்டெடுத்ததால். அது நம் கோரைக்கிழங்கு. வயலில் பிடுங்கப் பிடுங்க முளைத்து விவசாயியின் உயிரை வாங்குகிற, காயவைத்து அரைத்துக் குளியல் பொடியில் சேர்க்கிற அதே கோரை. ‘ஃபெஃபர்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கும் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். வடமொழியின் பிப்பலி கிரேக்கத்தில் பெபெரி ஆகி, லத்தீனில் பிப்பெர் ஆகி, அங்கிருந்து ஜெர்மனுக்குப் போனது. பிப்பலியின் தமிழ் உறவு திப்பிலி. வழியில் எங்கோ திப்பிலியின் பெயரை மிளகு எடுத்துக்கொண்டது.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் வாஹவ் பகுதிச் சீட்டுகளில் வேறு மூன்று சொற்கள் இருக்கும். ஸ்டைன்ஃபேடர் லேசானது, 11.5 சதவீதம் ஆல்கஹாலைத் தாண்டாது. அது அங்கே கல்லிடுக்குகளில் வளரும் இறகு போன்ற புல்லின் பெயர். ஃபேடர்ஷ்பீல் நடுத்தரம், வல்லூறு வேட்டையில் பறவையைத் திரும்ப அழைக்கும் கருவியின் பெயர். ஸ்மராக்ட் கனமானது, குறைந்தது 12.5 சதவீதம். தோட்டத்துக் கற்சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஸ்மராக்ட் என்ற சொல்லைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நம் மரகதம்தான் அது. இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து கிளை பிரிந்தவை.

தமிழில் என்ன சொல்வது என்பதற்கு வருவோம். அக்கம்பக்கத்து மொழிகள் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால் வழி தெரிகிறது. செக் மொழியில் ‘வெல்ட்லீன்ஸ்கே ஸெலெனே’, ஹங்கேரியில் ‘ஸோல்ட்வெல்டெலினி’. ஸெலெனே, ஸோல்ட் இரண்டுமே பச்சைதான். நிறத்தை அவரவர் மொழியில் சொல்லிவிட்டு, வெல்ட்லீனரைத் தங்கள் வாய்க்கு ஏற்ப வைத்துக்கொண்டார்கள். தமிழிலும் ‘பச்சை வெல்ட்லீனர்’ என்பதே பொருத்தம். பச்சை என்றால் பழுக்காதது என்ற பொருளும் வருமே என்று யாராவது கேட்கலாம். ஜெர்மன் ‘கிரூன்’ என்பதற்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. தவிர, பழக்கடையில் பச்சைத் திராட்சை கேட்டால் யாரும் காயைக் கொடுப்பதில்லை.

‘மிளகுத் திராட்சை’ என்று புதுப்பெயர் வைத்தால் அழகாக இருக்கும். நானே அதைத் தள்ளிவிடுவேன். ஷிராஸுக்கும் அந்த வாசம் உண்டு, எல்லா வெல்ட்லீனரிலும் அது இருப்பதும் இல்லை. கம்பத்தில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க் ரகத்துக்கு நம் மக்கள் பன்னீர்த் திராட்சை என்று பெயர் வைத்து, அதுவே நிலைத்தும்விட்டது. அது பயிரிட்டு, சாப்பிட்டு, விற்ற ஜனங்கள் வைத்த பெயர். நாம் விளைவிக்காத கொடிக்கு மேசையில் உட்கார்ந்து பெயர் சூட்டினால் அகராதியோடு நின்றுவிடும்.

திராட்சை என்ற சொல்லும் வடமொழியிலிருந்து வந்ததுதான். பழைய தமிழ்ப் பெயர் கொடிமுந்திரி. யாழ்ப்பாணத்தில் இன்றும் முந்திரிகை என்றால் திராட்சைதான். தமிழ்நாட்டிலோ முந்திரி என்றால் பாயசத்தில் போடும் பருப்பு, ஆகவே பொது வாசகருக்குத் திராட்சை என்றே எழுதலாம்.

ஒயினுக்கு? ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்வது, மேற்கிலிருந்து கப்பலில் வந்த மதுவைத்தான். தேறல் என்றால் தெளிந்தது. நல்ல சொல், ஆனால் இன்று கவிதைக்கு வெளியே புழங்கவில்லை. வேதாகமத் தமிழின் திராட்சரசம் இப்போது ஜூஸ் கடைக்குப் போய்விட்டது. ஒயின் என்ற சொல்லுக்கும் தமிழ்நாட்டில் தனிக் கஷ்டம் உண்டு, ‘ஒயின் ஷாப்’ என்ற பலகைக்குக் கீழே விற்றது பெரும்பாலும் பிராந்தியும் பீரும்தான். இருந்தாலும் ஒயின் என்று எழுதினால் எல்லாருக்கும் புரிகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆக எழுத்து வழக்கில், ரகத்தைச் சொல்லும்போது ‘பச்சை வெல்ட்லீனர் திராட்சை’. பாட்டிலின் மேல் இருப்பதை அப்படியே சொல்லும்போது ‘கிரூனர் வெல்ட்லீனர்’. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘க்ரூனர்’ என்பதைவிடக் ‘கிரூனர்’ சரி. சீட்டின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘டிரோக்கன்’ என்று இருந்தால் அகராதியைப் பார்த்து ‘உலர்ந்த ஒயின்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். சர்க்கரை ஏறக்குறைய முழுதும் புளித்து ஆல்கஹாலாகிவிட்டது என்பதே அங்கே பொருள். ‘இனிப்பில்லாத ஒயின்’ என்று எழுதுங்கள்.